நாகப்பட்டினத்தை நீக்கு

மிஷின்தான் சொல்லுது. ஆனா மிஷின்கிட்ட முதல்ல ஒரு ஆளு சொல்லணும்லண்ணே, அங்கதான் விஷயமே இருக்கு. ரிசல்ட்டை மிஷின் போடுதா மனுஷன் போடுறானான்னு கேட்டீங்க பாருங்க, இருபத்திரண்டு வருஷமா இங்க வேலை பாக்குறேன், இந்த பெஞ்சில உக்காந்த ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் "எப்ப வரும்"னுதான் கேப்பாங்க. நீங்க ஏன் கேட்டீங்க? சும்மாவா? சரி, சும்மான்னே வெச்சுக்குவோம்.

பெட்டியைக் கீழ வைங்க. ஐஸ் நெறைய போட்டிருக்கீங்கல்ல, மத்தியானம் வரைக்கும் தாங்கும். லேப்பைப் பூட்டிட்டாங்க. இந்த லேப்புக்குத் தலைமை ஒரு மேடம், அவங்க ரூம்ல விசாரணை நடக்குது, அது முடியாம உங்க இறாலை யாரும் தொட மாட்டாங்க. நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். ஒவ்வொருத்தரா கூப்பிடுறாங்க. என் பேரு வைரக்கண்ணு. அட்டெண்டர். நமக்கு நாகப்பட்டினம் பக்கந்தான், உங்க பேச்சைக் கேட்டதுமே கண்டுபிடிச்சுட்டேன். விடியக்காலை பஸ்ஸா? கண்ணு சொல்லுது.

என்ன விசாரணைன்னா, இங்க எப்சிபான்னு ஒரு பொண்ணு. தூத்துக்குடிப் பக்கம். ஆராய்ச்சி பண்ணுது, நாலாவது வருஷம். எந்த மாவட்டத்து இறால்ல வெள்ளைப்புள்ளி நோய் எவ்வளவு இருக்குன்னு கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்றது அதுதான். அது வேணும்னே ஒரு மாவட்டத்தையே தூக்கிட்டுதுன்னு தலைமை ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கு. நிஜம்னு ஆச்சுன்னா நாலு வருஷம் படிச்சதும் போச்சு, அந்தப் பொண்ணு பேரும் போச்சு. இதுக்கப்புறம் எந்த லேப்லயும் சேத்துக்க மாட்டாங்க.

எந்த மாவட்டமா? அதை மெதுவாச் சொல்றேன்.

நான் யாரையும் சந்தேகப்படுற ஆளு இல்லண்ணே. கவனிக்கிற ஆளு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. சந்தேகப்படுறவன் வாயில சொல்லுவான், கவனிக்கிறவன் நோட்டுல எழுதுவான். இதோ இருக்கு நோட்டு.

மார்கழியில இங்க ஒரு பயிற்சி வெச்சாங்க, மூணு வாரம். உயிரியல் தரவுப் பகுப்பாய்வுக்கான மேம்பட்ட நிரலாக்கப் பயிற்சி. மூச்சு வாங்குதுல்ல? பேனர் கட்டுனதே நான்தான், கயிறு பத்தல, அவ்வளவு நீளம். இருபது சீட்டு. எல்லாம் டாக்டர் பட்டம் படிக்கிறவங்க, காலேஜ் வாத்தியாருங்க. பத்தொம்பது பேருதான் வந்தாங்க. ஒரு நாற்காலி காலியா இருந்தா போட்டோவுல அசிங்கமா இருக்கும்னு மேடம் என்னைக் கூப்பிட்டு, "வைரக்கண்ணு, நீங்க உக்காருங்க, உங்களுக்குத்தான் ஆர்வம் உண்டே"ன்னாங்க. எனக்கு ஆர்வம் உண்டுன்னு அவங்ககிட்ட யாரு சொன்னா? அன்னிக்கே நோட்டுல எழுதினேன்.

ஆர்வம் இருந்துச்சுங்கிறது வேற விஷயம். நான் பத்தாவது படிச்சது நைட் ஸ்கூல்ல, நாகப்பட்டினத்துல, பகல்ல படகுக்கு ஐஸ் ஏத்திட்டு. பன்னெண்டாவதும் அப்படித்தான். இங்கிலீஷ்ல எனக்கு எழுபத்தொண்ணு. "தேவையில்லாத சொல்லை நீக்கு"ன்னு ஒரு கேள்வி வரும், ஒமிட், ஒமிட்னு. அதுல நான் ஒரு மார்க்கு விட்டதில்ல. இந்த ஒமிட்டை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

பெங்களூர்லேருந்து ரெங்கமன்னார்னு ஒரு வாத்தியார் வந்தாரு. சின்ன வயசு, பெரிய கண்ணாடி. அவரு சொல்லிக் குடுத்த மொழிக்கு பேரு ஆர். ஒத்த எழுத்து. பேரு வெச்சவனுக்கு அவசர வேலை போல. ஆனா நல்ல மொழிண்ணே. பொய் சொல்லக் கூடாதுல்ல. ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, இந்த நம்பரையெல்லாம் இந்தப் பேருக்குள்ள போடுன்னா போட்டுக்கும். டியூப்புல ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரிதான். நான் இருபத்திரண்டு வருஷமா ஒட்டுறவன், எனக்கு அது ஒரு மணி நேரத்துல வந்துருச்சு. காலேஜ் வாத்தியாரு ஒருத்தருக்கு ரெண்டு நாள் ஆச்சு.

தப்பு பண்ணா சிவப்பு எழுத்துல திட்டும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. ஒரு கமா விட்டுப் போச்சா, உடனே திட்டும். அடைப்புக்குறி மூடலையா, திட்டும். மூஞ்சிக்கு நேரா. மனசுல வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் கழிச்சு இன்க்ரிமென்ட்ல காட்டாது. இவ்வளவு யோக்கியமான ஒண்ணை நான் இந்த ஆபீசுல பாத்ததில்லைன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு தெரியல.

மூணாவது நாள். இதைக் கவனமாக் கேளுங்க. பாடம் சூடு பிடிச்சிருக்கு, ரெங்கமன்னார் போர்டு பக்கம் திரும்புறாரு, ஜெகதா வந்து வாசல்ல நிக்குது. ஜெகதா ஆபீஸ் உதவியாளர், இப்ப மேடம் ரூம் கதவுகிட்ட நிக்குதே அதுதான். "அண்ணே, டீக்காரர் வரல, மேடம் உங்களைப் போயி வாங்கிட்டு வரச் சொன்னாங்க." நான் மாணவன். அன்னிக்கு நான் கழுத்துல அட்டை மாட்டுன மாணவன். ஆனா எந்திரிச்சுப் போனேன். பாதியில கூப்பிட்டா போறதுதான் என் வேலை, சம்பளமே அதுக்குத்தான்.

இருபத்தொரு டீ. ரெண்டு பிளாஸ்க்ல வாங்கிட்டு வர முக்கால் மணி நேரம். திரும்ப உள்ள நுழையிறேன், போர்டுல பெருசா என்.ஏ.ன்னு எழுதி வட்டம் போட்டு வெச்சிருக்காரு. என்.ஏ.! என்னைப் பாத்ததும் டஸ்டரை எடுத்து அழிச்சுட்டு, "ஓ, டீ வந்துருச்சு, பிரேக்"னாரு.

என்.ஏ.ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. சொல்றேன். போன வருஷம் ஏழு மாவட்டத்துல இறால் எடுத்தோம். எடுத்தது நான். குட்டை குட்டையா எறங்கி, பிடிச்சு, காலை நறுக்கி, ஸ்பிரிட் ஊத்தின டியூப்புல போட்டு, மூடி மேல மார்க்கர்ல பேரு எழுதணும். மூடி உங்க சுண்டுவிரல் நகம் அளவுதான். அதுல மாவட்டம் பேரு, நம்பரு, எல்லாம் எப்படி எழுதுறது? அதனால ரெண்டெழுத்து. கடலூர்னா சி.யு. தஞ்சாவூர்னா டி.எச். ராமநாதபுரம்னா ஆர்.ஏ. நாகப்பட்டினம்னா என்.ஏ. அதையேதான் அப்படியே கம்ப்யூட்டர்லயும் ஏத்துனாங்க. நல்ல வழக்கம், சுருக்கமா, சுத்தமா.

ஆக, போர்டுல எங்க ஊரு பேரு. நான் இல்லாத நேரத்துல எழுதி, நான் வந்ததும் அழிச்சாச்சு. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? நான் ஒண்ணும் நினைக்கல. எழுதினேன். "மூணாம் நாள், பதினொண்ணே கால், என்.ஏ., வட்டம், அழிப்பு."

கேட்டிருக்கலாம்தான். பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டிருக்கலாம், வாத்தியார்கிட்டயே கேட்டிருக்கலாம். கேட்டா உஷார் ஆயிருவாங்க அண்ணே.

ரெண்டாவது வாரம் பயிற்சிக் கணக்கு குடுத்தாங்க. நம்ம லேப்போட இறால் கணக்கையே குடுத்தாங்க, நானூத்தி பன்னெண்டு டியூப்பு. அதை எப்படிப் படம் போடுறதுன்னு வழிமுறைத் தாள் தயார் பண்ணது எப்சிபா. தாள்ல இருக்கறதை அப்படியே தட்டணும். தட்டுனேன். படம் வந்துச்சு. கம்பி கம்பியா, மாவட்டத்துக்கு ஒரு கம்பி. அழகா இருந்துச்சு. எண்ணுனேன். ஆறு கம்பி.

பத்தொம்பது பேருக்கும் ஆறு கம்பிதான். எல்லாரும் கை தட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும், வெளியூர்க்காரங்க. ஏழு மாவட்டத்துச் சேத்துலயும் எறங்குன காலு என்னோடதுதானே. திரும்ப எண்ணுனேன். நாகப்பட்டினம் இல்ல. மொத்தம் எவ்வளவுன்னு கேட்டேன் மிஷின்கிட்ட, முன்னூத்தி அம்பத்தஞ்சுன்னுச்சு. நானூத்தி பன்னெண்டு எங்க, முன்னூத்தி அம்பத்தஞ்சு எங்க. அம்பத்தேழு டியூப்பு காணோம். அம்பத்தேழுமே எங்க ஊரு. வேதாரண்யத்துலேருந்து வேளாங்கண்ணி வரைக்கும் வெயில்ல அலைஞ்சு நான் எடுத்தது.

சிவப்பு எழுத்துல ஒரு வார்த்தை வரலண்ணே. ஒரு கமாவுக்கு அந்தக் குதி குதிச்ச மிஷினு, ஒரு மாவட்டம் காணாமப் போனப்ப வாயே தெறக்கல.

அப்பதான் தாளைத் திரும்பப் படிச்சேன். ரெண்டாவது வரி. என்.ஏ., ஒரு புள்ளி, ஒமிட். என்.ஏ. டாட் ஒமிட். நைட் ஸ்கூல்ல ஒமிட்ல ஒரு மார்க்கு விடாதவன்கிட்ட போயி அதை எழுதிக் காட்டுறா. நாகப்பட்டினத்தை நீக்கு. ஒளிவு மறைவே இல்ல. நாலு வரி தள்ளி இன்னொண்ணு, என்.ஏ. டாட் ஆர்.எம்., சமக்குறி, ட்ரூ. ஆர்.எம்.னா ரிமூவ்னு எனக்குத் தெரியாதா? நாகப்பட்டினம் நீக்கம், உண்மை. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. அதுலயும் பாருங்க, தாள்ல இருந்ததை அப்படியே தட்டுனது நான். என் கையாலயே என் ஊரை நீக்க வெச்சுட்டா.

இப்ப நீங்க கேப்பீங்க, அந்தப் பொண்ணுக்கு நாகப்பட்டினத்து மேல என்ன கோவம்னு. நானும் அதைத்தான் கவனிச்சேன். முதல் நாளே என்னை "அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டா. எங்க ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரரு. வந்த அன்னிக்கே என்னைக் கடையில உக்கார வெச்சுட்டா. சரி, அது அவங்க ஊர் மரியாதைன்னாங்க. அப்புறம் சாயங்காலம் சாயங்காலம் போன். மொட்டை மாடிக் கதவோரம் நின்னு, "சரி மாமா, பாத்துக்கிடுதேன் மாமா"ன்னு மெதுவாப் பேசும். தூத்துக்குடி. மாமா. மெதுவா. அந்தப் பக்கம் இறால் குஞ்சு வளக்குற கம்பெனி இருக்குமா இருக்காதா? நாகப்பட்டினத்துல நோய் அதிகம்னு வெளிய வந்தா, குஞ்சை டெஸ்ட் பண்ணாம யாரு வாங்குவா? இப்ப ஓடுதா உங்களுக்கு? எனக்கு ஒரு நிமிஷத்துல ஓடிருச்சு.

மாமா டிரில் மாஸ்டராம். பின்னாடி தெரிஞ்சது. பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர். ஆனா டிரில் மாஸ்டர் இறால் குஞ்சு விக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே.

மேடம்கிட்டச் சொல்லலாம்னு ரெண்டு தடவை ரூம் வாசல் வரைக்கும் போனேன். ஆனா பாருங்க, ஆதாரம் பத்தாது. ஒரு அட்டெண்டரு, ஆராய்ச்சிப் பொண்ணு மேல குத்தம் சொன்னா என்ன சொல்லுவாங்க? "வைரக்கண்ணு, நீங்க டீ வாங்கிட்டு வாங்க"ம்பாங்க. கையும் களவுமாப் பிடிக்கணும். பயிற்சியில வந்தது வெறும் பயிற்சி. நிஜ அறிக்கையில என்ன பண்றான்னு பாப்போம்னு இருந்தேன். மார்கழி போச்சு. பொங்கல் போச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பொறுமை வேணும் இதுக்கு. நோட்டுல பதினோரு பக்கம் எழுதியிருக்கேன், வேணும்னா புரட்டுங்க. "பத்தாம் தேதி, எப்சிபா என்னைப் பாத்துச் சிரித்தது." "பன்னிரண்டாம் தேதி, சிரிக்கவில்லை."

தை கடைசியில அறிக்கை போச்சு. பண்ணைக்காரங்களுக்கு. எந்தெந்த மாவட்டத்துல வெள்ளைப்புள்ளி அதிகம், அங்கெல்லாம் குஞ்சு விடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக்குங்க, கொஞ்சம் தள்ளி விடுங்கன்னு. நாலு மாவட்டம் பேரு இருந்துச்சு. நம்ம மாவட்டம் இல்ல. நம்ம அம்பத்தேழுல இருபத்து மூணுல நோய் இருந்துச்சுண்ணே. மிஷின்ல வெச்சு எடுக்கறப்ப நான் பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா டிக் அடிச்சவன். முதல் பேரா வந்திருக்க வேண்டியது. லிஸ்ட்ல இல்லைன்னதும் மேடத்துலேருந்து எல்லாரும், அங்க நோய் இல்லைன்னு நினைச்சுக்கிட்டாங்க. இல்லாததுக்கும், எண்ணாததுக்கும் வித்தியாசம் யாரு பாக்குறா.

அன்னிக்கு எனக்கு, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு திருப்தி. நான் நினைச்சது சரியாப் போச்சுல்ல. பஜார்ல போயி ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல கடுதாசி அடிச்சேன்.

ஆமா, நான்தான். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க ஊர்க்காரரு, சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவீங்க. மரியாதையாத்தான் எழுதினேன். "நாகப்பட்டினம் மாவட்டத்தை நீக்கும்படி கட்டளை எழுதப்பட்டுள்ளது, கட்டளையின் நகல் கீழே"ன்னு போட்டு, என்.ஏ. டாட் ஒமிட்டை அடிக்கோடு போட்டு, ஒமிட்னா என்ன அர்த்தம்னு அடைப்புக்குறிக்குள்ள வேற எழுதியிருந்தேன். பேரு போடல. பேரு போட்டா சந்தேகப்படுற ஆளுன்னு சொல்லிருவாங்க.

தலைமை ஆபீசுலேருந்து மேடத்துக்கு வந்துச்சு. மேடம் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, விசாரணை முடியுற வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதேன்னுட்டாங்க. ஒரு வாரம் அது அந்த மூலை மேசையில சும்மா உக்காந்திருந்துச்சு. சாப்பாட்டு டப்பாவைத் தெறக்கும், மூடும். நான் கவனிச்சேன். நோட்டுல எழுதல. எழுதணும்னு தோணல.

முந்தாநாள் என்கிட்ட வந்துச்சு. நான் டியூப்பு கழுவிக்கிட்டு இருக்கேன். "அண்ணாச்சி, ஒரு நிமிசம் வாங்களேன்." முகம் என்னமோ மாதிரி இருந்துச்சு. அழுது முடிச்ச முகமா, சிரிக்கப் போற முகமான்னு தெரியல. கையில தன்னோட லேப்டாப். ஆபீஸ் கம்ப்யூட்டரைத்தானே தொடாதேன்னாங்க.

"அண்ணாச்சி, அந்த அம்பத்தேழும் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன். இந்த ஆர் இருக்குல்ல, அதுல என்.ஏ.ன்னா 'இல்லை'ன்னு அர்த்தம். வெறுங்கட்டம். விட்டுப்போனது. எவனாவது ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டா, அதுக்கு என்.ஏ.ன்னு பேரு. என்.ஏ. டாட் ஒமிட்னா, நிரப்பாத வரியைத் தள்ளிருன்னு அர்த்தம். உலகம் பூரா எழுதுற வரி அண்ணாச்சி இது."

நான் டியூப்பைக் கீழ வெச்சேன்.

"நம்ம ஷீட்டுல மாவட்டம்ங்கிற கட்டத்துல என்.ஏ.ன்னு இருக்கு. நாகப்பட்டினம்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியுமா? 'இல்லை'ன்னு படிச்சுருக்கு. அம்பத்தேழையும் தள்ளிருச்சு. சத்தமே போடல."

"ஆக, நாகப்பட்டினம்னா அதுக்கு இல்லைன்னு அர்த்தம்"னேன்.

"ஆமா அண்ணாச்சி." அப்புறம் டியூப்பு மூடியைக் கையில எடுத்துப் பாத்துச்சு. "இந்த ரெண்டெழுத்து வைக்கிறது யாரு ஆரம்பிச்சது?"

தெரியலயேம்மா, பழைய வழக்கம்னேன்.

பழைய வழக்கந்தான். போன வருஷம் ஆனியில நான் ஆரம்பிச்ச பழைய வழக்கம்.

அது மூடியை வெச்சுட்டு, "தப்பு என் பேர்லதான். உள்ள போனது எத்தனை, வெளிய வந்தது எத்தனைன்னு எண்ணியிருக்கணும். அது முதல் பாடம். நான் எண்ணல. விசாரணையில அப்படியே சொல்லிருவேன்"னுச்சு. எனக்கு அங்கதான் இடிச்சுது. தானா வந்து எவனாவது தலையில எடுத்துப் போட்டுக்குவானா? இதுல வேற என்னமோ இருக்குன்னு நினைச்சேன். இப்பவும் முழுசா விட்டுறல.

போறப்ப ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில குடுத்துச்சு. "மூணாம் நாள் பாடம் அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்கல்லா, அதான்." தாளைப் பாத்தா, மேல பெருசா என்.ஏ., வட்டம். ரெங்கமன்னார் போர்டுல எழுதுன அதே வட்டம்.

எங்கிட்ட ஏன் அதைக் குடுத்துச்சு? அதைத்தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். பத்தொம்பது பேரு அந்தப் பாடத்தைக் கேட்டாங்க. என்.ஏ.வுக்கு நாகப்பட்டினம்னு அர்த்தம் எடுத்துக் கடுதாசி எழுதணும்னா, அந்த முக்கால் மணி நேரம் வகுப்புல இல்லாத ஆளாத்தான் இருக்கணும். இல்லாத ஆளு ஒரே ஒரு ஆளு. இது எனக்கே நேத்துதான் விளங்குச்சு. அந்தப் பொண்ணுக்கு முந்தாநாளே விளங்கியிருக்கு. அப்ப ஏன் என் மூஞ்சிக்கு நேரா கேக்கல? நைசாத் தெரிஞ்சுக்கிட்டு, உள்ள போயி மேடம்கிட்டப் போட்டுக் குடுக்கவா? அதுதான் காலையிலேருந்து உள்ள இருக்கு. ஒரு மணி நேரம் ஆச்சு. என்ன பேசுதோ.

கேக்காம விடுறதுக்கு ஏதாவது காரணம் இருக்கணும்லண்ணே. கேட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போற விஷயத்தை, ஒருத்தரு வாயை மூடிக்கிட்டு வெச்சிருந்தா, அதுக்கு அர்த்தம் என்ன?

என்ன சொன்னீங்க?

மார்கழியில நானா? நான் அன்னிக்கே கேட்டிருந்தா? ஒரு நிமிஷந்தான். ரெங்கமன்னாரே சொல்லியிருப்பாரு, என்.ஏ.ன்னா வெறுங்கட்டம் சார்னு. சிரிச்சிருப்பாங்க. அறிக்கைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சு, அதுக்குள்ள... சரி. நான் ஆதாரத்துக்குப் பாத்தேன்னு சொன்னேன்ல.

அது இருக்கட்டும். உங்க பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டல பாருங்க. நான் எழுதிர்றேன், இல்லாட்டி உள்ள போனதும் யாரோடதுன்னு தெரியாமப் போயிரும். எத்தனை ஏக்கர் குட்டை? நாலா. இறால் கரையோரம் வந்து ஒதுங்குதா? ரெண்டு நாளாவா. ஓட்டுல வெள்ளையா புள்ளி... மூடியைத் தெறக்க வேணாம், வேணாம், நான் அப்புறம் பாத்துக்கிறேன். குஞ்சு எப்ப விட்டீங்க? மாசி முதல் வாரமா.

டெஸ்ட் பண்ணி விட்டீங்களா?

இல்ல.

ஏன்னு நான் கேக்கல. கேக்கல அண்ணே, நீங்க சொல்ல வேணாம். லிஸ்ட்ல நம்ம ஊரு இல்லைன்னு விட்டிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் விட்டிருப்பாங்க.

பேனா எழுதுது, என் கைதான் பழக்கதோஷத்துல என்.ஏ.வுக்குப் போகுது. இருங்க. உங்க பெட்டி மூடி பெருசுதானே. எவ்வளவு எடம் இருக்கு. முழுசாவே எழுதிர்றேன். நா. க. ப்... இவ்வளவு நீளமா இந்தப் பேரை நான் இதுவரைக்கும் எந்த மூடியிலயும் எழுதினதில்ல. பட்டினம். ஆச்சு. இதைத் தமிழ்ல இருக்குன்னு மிஷினு படிக்காம விடலாம், ஆனா இல்லைன்னு படிக்காது.

ஜெகதா வருது. என்ன ஜெகதா, டீயா?

டீ இல்லையாம்.

என்னது? ரெண்டெழுத்து பேரு வெச்சது யாருன்னு மேடம் கேட்டாங்களா? எப்சிபா என்ன சொல்லுச்சு? தெரியாதுன்னு சொல்லுச்சா? பழைய வழக்கம்னு சொல்லுச்சா? அந்த வார்த்தையேவா சொல்லுச்சு? அப்ப கடுதாசி? யாருன்னு தெரியல, யாரா இருந்தாலும் அவரு ஒருத்தருதான் எண்ணிப் பாத்திருக்காருன்னு சொல்லுச்சா.

சரி. நீ போ, வர்றேன்.

அதுக்குத் தெரியும்ணே. எல்லாம் தெரிஞ்சுதான் உள்ள உக்காந்து தெரியாது தெரியாதுங்குது. இதுல என்ன சூழ்ச்சி இருக்கும்னு பாக்குறேன். ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குது. இந்த நோட்டுல பதினோரு பக்கம் இருக்கு, இதை எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னு தெரியல.

பெட்டியை வெயில் படாம உள்ள தள்ளி வைங்க. ரிசல்ட்டு வர நாலு மணி ஆகும், ஆனா அதுக்குக் காத்திருக்காதீங்க. இப்பவே ஊருக்கு போன் பண்ணி, உங்க குட்டைத் தண்ணியைப் பக்கத்து வாய்க்கால்ல விட வேணாம்னு சொல்லுங்க. பக்கத்துக் குட்டைக்காரங்களையும் டெஸ்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. யாரு சொன்னான்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. வைரக்கண்ணு. அட்டெண்டர்.

நான் உள்ள போயி, பேரு வெச்சது நான்தான்னு சொல்லிர்றேன். அதுல ஒண்ணும் இல்ல, சுருக்கமா வெச்சேன், அவ்வளவுதானே. மத்த விஷயமெல்லாம் அவங்களாக் கேட்டா பாத்துக்கலாம்.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க.

சரி. கேக்காமலே சொல்றேன்.

வர்றேன் ஜெகதா.